மூன்றாவது டப்பா

அந்தப் போட்டி அறிவிப்பைக் கேட்டதுமே முனீஸ்வரிக்கு அலுப்புத் தட்டியது. ஆனையூரில் அவள் குடியிருந்த தெருவில் விடிவெள்ளி இளைஞர் மன்றம் என்று ஒன்று இருந்தது. பொங்கலுக்கு உறியடி, சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர், மற்ற நாட்களில் கேரம் போர்டு என்று யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்துகொண்டிருந்த மன்றம் அது. இந்த வருடம் கார்த்திகேஷ் செயலாளராக வந்தான். வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பையன். நாள் முழுக்க ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதைத் திருத்திவிட வேண்டும் என்று தோன்றாமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு புராஜெக்ட் போட்டி வைத்துவிட்டான். தெருவில் இருக்கிற ஏதாவது ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகளே சோதனை செய்து பார்க்க வேண்டும், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து சொல்ல வேண்டும். பெற்றோர் கை வைக்கக் கூடாது என்று கடைசியில் ஒரு நிபந்தனை.

கை வைக்கக் கூடாதாம். பிள்ளைகள் புராஜெக்ட் செய்கிற வீட்டில் பெற்றவர்கள் கை என்றைக்கு ஓய்ந்திருக்கிறது? சார்ட் வாங்க ஒரு நடை, அந்தக் கலர் இல்லை என்று இன்னொரு நடை, பசை தீர்ந்தது என்று ராத்திரிச் சோற்றில் ஒரு கை. முனீஸ்வரிக்கோ நடக்கிற தெம்புகூட இல்லை. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். காலையில் நின்றால் கடை மூடும்வரை நிற்க வேண்டும். வேலையாட்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளியும் மறுக்காமல் போட்டார். பிரித்துப் போட்டு மடிக்காத சேலைகள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டன.

புருஷன் ராம்கிக்கு லாரி. நாக்பூர், இந்தூர் என்று போய்விட்டு எப்போதாவது வீட்டில் தலையைக் காட்டுவான். வந்தால் ஒரு நாள் தூங்குவான், மறுநாள் கிளம்பிவிடுவான். வீடும் பிள்ளைகளும் முனீஸ்வரி தலையில். பெரியவள் அழகுமீனா எட்டாம் வகுப்பு. சின்னவன் மருது ஐந்தாம் வகுப்பு. இரண்டு பேரும் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றபோது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டீர்களே என்று திட்டத்தான் வாயெடுத்தாள். மீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திட்டாமல் விட்டுவிட்டாள்.

மீனா பேசாத பிள்ளை. போன வருடம் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது வகுப்பு டீச்சர் பாராட்டாகத்தான் சொன்னார், உங்கள் பெண் வகுப்பில் இருக்கிற இடமே தெரியாது என்று. மற்ற தாய்மார்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். முனீஸ்வரிக்கு அது முள்ளாகத் தைத்தது. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் காலமெல்லாம் அப்படித்தான் சேலைகளுக்கு நடுவே நிற்கிறாள். ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால் தன் பெண் எழுந்து நின்று பேச வேண்டும், அதை ஊர் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த ஆசையில்தான் சரி என்றாள்.

புராஜெக்ட்டை யோசித்ததும் மீனாதான். தெருவில் பாதி வீட்டில் தண்ணீர் பில்டர் இருக்கிறது. ஒரு குடம் நல்ல தண்ணீர் பிடித்தால் இரண்டு குடம் கழிவுத் தண்ணீர் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. அதைச் செடிக்கு ஊற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். மூன்று ஐஸ்கிரீம் டப்பாக்களில் மண் போட்டுத் தட்டப்பயறு விதைத்தார்கள். முதல் டப்பாவுக்குக் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர், இரண்டாவதற்கு போர் தண்ணீர், மூன்றாவதற்குப் பில்டர் கழிவு. இருமல் மருந்து மூடியால் அளந்து, மூன்றுக்கும் ஒரே அளவு. மூன்றும் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்தன.

முனீஸ்வரி விடிவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுவாள். மோட்டாரைப் போட்டுவிட்டு, குடிக்க ஒரு செம்புத் தண்ணீரோடு மாடிக்குப் போய், தொட்டி நிறைகிறவரை படியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளில் அவள் உட்கார்வது அவ்வளவுதான். பயறு முளைத்து இரண்டு இலை விட்ட சமயத்தில், ஒரு விடிகாலையில் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் மூன்றாவது டப்பாவைப் பார்த்தாள். தண்டு துவண்டு, இலையின் ஓரமெல்லாம் கருகியிருந்தது.

செல்லம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் அவள். அங்கே அம்மன் பொங்கலுக்கு முன்னால் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். மண்சட்டியில் பயறு விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து, விரதமிருந்து தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். யார் வீட்டு முளை தழைக்கிறதோ அந்த வீடு தழைக்கும். வாடினால் அந்த வீட்டுக்கு ஆகாது. முனீஸ்வரிக்குப் பதினாறு வயதிருக்கும்போது அவர்கள் வீட்டு முளைப்பாரி கருகிப்போனது. அந்த மாதமே, உசிலம்பட்டிக்கு பைக்கில் போன அண்ணனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? புருஷன் ரோட்டில் இருக்கிறான், வீட்டில் முளை வாடுகிறது. கை தானாகவே செம்பைச் சாய்த்தது. மண் குளிரக் குளிர ஊற்றினாள். வெயில் படாமல் இருக்கட்டும் என்று டப்பாவைச் சுவர் நிழலுக்குத் தள்ளியும் வைத்தாள்.

தப்புச் செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு அப்போது இல்லை. செடி புராஜெக்ட் என்றால் செடி வளர வேண்டும், செத்தால் மார்க் போகும் என்றுதான் அவள் நினைத்தாள். வாடுவதும் ஒரு பதில் என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்? மூன்று பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பும் வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? தினமும் விடிகாலையில் தன் செம்பில் பாதியை அந்த நோஞ்சானுக்குக் கொடுத்தாள். அது மற்ற இரண்டையும் விடத் தளதளவென்று எழுந்தது.

ஒரு நாள் காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மீனா மாடியிலிருந்து ஓடிவந்தாள். அந்தப் பிள்ளை ஓடி முனீஸ்வரி பார்த்ததே இல்லை.

“ம்மா, கழிவுத் தண்ணியிலதாம்மா எல்லாத்தையும் விட நல்லா வளருது. வாடிரும்னு நெனச்சோம். வாடவே இல்ல. யாருக்குமே இது தெரியாதும்மா.”

மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் முனீஸ்வரிக்கு விளங்கியது, தான் செய்துவைத்திருப்பது என்ன என்று. சொல்லிவிடலாம் என்று மிக்ஸியை நிறுத்தினாள். மீனா பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு வருடத்துக்குப் பேச வேண்டியதை ஒரே மூச்சில் பேசினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று முனீஸ்வரி கிளம்பினாள். இரவு வந்து சேர்ந்தபோது கணுக்கால் இரண்டும் வீங்கி, சோறு போடவே தெம்பில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தாள். நாளை என்பது அவளுக்கு எப்போதுமே நாளையாகத்தான் இருந்தது.

ஊற்றுவதையாவது நிறுத்தலாம் என்று பார்த்தாள். நிறுத்தினாள். முளை தலையைத் தொங்கப்போட்டது. அன்றைக்கே ராம்கி போன் செய்து, கர்னூல் தாண்டி டயர் வெடித்துவிட்டது, நல்லவேளை வண்டி சாயவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விடிகாலையில் செம்புத் தண்ணீர் முழுவதும் டப்பாவுக்குத்தான் போனது.

போட்டி நாள் வந்தது. கடையில் லீவு கேட்டால் ஞாயிற்றுக்கிழமையா என்று மேனேஜர் முகத்தைச் சுளித்தார். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஓவர்டைம் பார்ப்பதாக ஒப்புக்கொண்டு அரை நாள் வாங்கினாள். மன்றத்தில் ஷாமியானா போட்டு, சிவப்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுவராக கே.கே. நகரிலிருந்து சீதாலட்சுமி மேடம் வந்திருந்தார். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.

முதலில் வைகை அணை வந்தது. தெர்மாகோலில் மதகுகளும் மோட்டாரும் பல்புகளுமாக, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எலெக்ட்ரிகல் காண்ட்ராக்டர் ராஜேஷ்குமாரின் மகன் செய்ததாம். மதகைத் திறந்து காட்டு என்று மேடம் சொன்னபோது பையனுக்கு சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை. ராஜேஷ்குமார் கூட்டத்தில் இருந்தபடியே கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பெற்றோர் கை வைக்கக் கூடாது என்ற நிபந்தனை பின்னால் பேனரில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு மீனாவும் மருதுவும் ஏறினார்கள். மருது டப்பாக்களைத் தூக்கிக் காட்டினான், மீனா பேசினாள். முதலில் குரல் எழும்பவில்லை. பின்வரிசையிலிருந்து கேட்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். முனீஸ்வரி முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். மீனா ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாள். இருமல் மருந்து மூடியில் அளந்ததைச் சொன்னாள், எந்த வீட்டிலிருந்து எந்தத் தண்ணீர் எடுத்தோம் என்று சொன்னாள். கூட்டம் உட்கார்ந்து கேட்டது. முனீஸ்வரிக்குக் கண் நிறைந்தது. இதைத்தானே ஆசைப்பட்டாள். ஆனால் கண் நிறைந்ததே தவிர நெஞ்சு குளிரவில்லை.

கழிவுத் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்குமே, அதில் எப்படி இவ்வளவு நன்றாக வளர்ந்தது என்று மேடம் கேட்டார்.

“தெரியல மேடம்,” என்றாள் மீனா. “நாங்க வாடும்னுதான் நெனச்சோம். ஆனா வளந்துச்சு. வளந்ததத்தான சொல்ல முடியும்.”

நல்ல பதில் என்றார் மேடம். கார்த்திகேஷ் மைக்கை வாங்கிக்கொண்டான். அவனுக்கு ஏக சந்தோஷம். சுதந்திர தினத்தன்று மன்றத்தின் சார்பில் தெரு நெடுக நட்ட புங்கங்கன்றுகள் தண்ணீரில்லாமல் நிற்கின்றன, நாளையிலிருந்து ஒவ்வொரு வீட்டுப் பில்டர் கழிவையும் அந்தக் கன்றுகளுக்கு ஊற்றப்போகிறோம், நம் தெருப் பெண் அழகுமீனா காட்டிய வழி இது என்றான். கைதட்டல் ஷாமியானாவை நிறைத்தது. மீனா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

ஒரு டப்பா வாடினதற்கே பொறுக்காதவள் முனீஸ்வரி. தெரு முழுக்க இளங்கன்றுகள், அத்தனைக்கும் உப்பு. ஒவ்வொன்றாகக் கருகும். கருகும்போது ஊர் மீனாவின் பெயரைத்தான் சொல்லும். அந்தப் பிள்ளை அறியாமல் சொன்ன பொய்க்கு அவள் பெயர்தான் நிற்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்குப் பரிசு உண்டு. கால் வலித்தது, எப்போதும் போல. எழுந்து நின்றாள்.

“தம்பி, கன்னுக்கு அந்தத் தண்ணிய ஊத்திராதீங்க.”

கார்த்திகேஷுக்குப் புரியவில்லை. என்னக்கா என்றான்.

“மூணாவது டப்பாவுக்குத் தெனமும் விடியக்காலம் நாந்தான் நல்ல தண்ணி ஊத்துனேன். பிள்ளைகளுக்குத் தெரியாது. அதுக எதுவும் பண்ணல.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏன் ஊற்றினீர்கள் என்று மேடம் கேட்டார். கேட்ட விதத்தில் கோபம் இல்லை. அண்ணனையும் முளைப்பாரியையும் கர்னூலையும் மைக் இருக்கிற இடத்தில் எப்படிச் சொல்வது? வாடிச்சு மேடம், பாத்துக்கிட்டு இருக்க முடியல என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மேடையில் மீனா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகைகூட இல்லை. அது அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது.

நிபந்தனை நிபந்தனைதானே. பெற்றோர் கை வைத்ததை ஒப்புக்கொண்ட புராஜெக்ட் ஒன்றே ஒன்று, அது நீக்கப்பட்டது. கார்த்திகேஷ் அதை அறிவித்தபோது நாக்கு புரளாமல் தடுமாறினான். வைகை அணைக்கு முதல் பரிசு. ராஜேஷ்குமார்தான் எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினார். உண்மையைச் சொன்னவனுக்கு உலை, மறைத்தவனுக்கு மாலை என்று முனீஸ்வரி மனதுக்குள் ஒரு வசவு வைதாள். யாரை வைதாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மீனா மூன்றாவது டப்பாவைத் தூக்கிக்கொண்டு யாருக்கும் காத்திராமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். நாம அவுட்டாம்மா என்று கேட்டுக்கொண்டே மருது மற்ற இரண்டு டப்பாக்களோடு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்தான்.

வீட்டுக்கு வந்தபோது மீனா மொட்டை மாடியில் உட்கார்ந்து செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் செத்ததைச் சொன்னாள். உங்கப்பா ரோட்டில் கிடக்கிறார், வீட்டில் முளை வாடினால் எனக்கு உயிரே இல்லை என்றாள். மீனா கேட்டுக்கொண்டே பிடுங்கினாள். கடைசிச் செடி வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லம்மா.”

“சொல்லிருந்தா மட்டும் என்ன பண்ணிருப்ப?”

“நீ ஊத்துனதையும் சேத்துச் சொல்லிருப்பேன். அம்புட்டுப் பேர் முன்னாடி என்னயப் பொய் சொல்ல வச்சிட்டியேம்மா.”

தாய் மனது அது இது என்று சொல்வதற்கெல்லாம் அங்கே இடமில்லை. நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்ததுதான் பிள்ளை தலையில் விடிந்திருக்கிறது. தப்புதான்த்தா என்று மட்டும் முனீஸ்வரி சொன்னாள்.

அன்று சாயங்காலம் மீனா திரும்பவும் தட்டப்பயறை ஊறப்போட்டாள். மண்ணை மாற்றி, மூன்று டப்பாக்களையும் கழுவி வைத்தாள். போட்டிதான் முடிந்துபோச்சே, பரிசும் இல்லை, பேரும் இல்லை, இனி எதற்கு இந்தப் பாடு என்று முனீஸ்வரி கேட்டாள். தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாள் மீனா. கார்த்திகேஷ் அண்ணன் கன்றுகளுக்கு ஊற்றலாமா கூடாதா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், அவருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றாள். விடிகாலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தானே மாடிக்குப் போவதாகவும் சொன்னாள். எதற்காக அப்படிச் சொல்கிறாள் என்று முனீஸ்வரிக்குப் புரிந்தது. சொந்தப் பிள்ளை தன்னைக் காவல் காக்கப் பார்க்கிறது.

“நீ தூங்குத்தா. நானே போறேன். தொட மாட்டேன்.”

மீனா வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சரி என்று தலையசைத்தாள். மேடையில் கேட்ட கைதட்டலை விட முனீஸ்வரிக்கு அந்தத் தலையசைப்பு பாரமாக இருந்தது.

முளை வந்தது, இரண்டு இலை விட்டது, மூன்றாவது டப்பா துவள ஆரம்பித்தது. முனீஸ்வரி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து பார்த்தாள். திரும்பினாலும் அது முதுகுக்குப் பின்னால் வாடிக்கொண்டுதான் இருந்தது. ராம்கி விதர்பா பக்கம் எங்கோ இருந்தான், போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒருத்தி இந்தியில் சொன்னாள். சாமி, என் தாலி உன் பொறுப்பு, அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு என் பொறுப்பு என்று அம்மனிடம் கணக்கைப் பிரித்து ஒப்படைத்தாள். செம்புத் தண்ணீரைத் தன் கால்மேல் ஊற்றிக்கொண்டாள். கணுக்கால் எரிச்சலுக்கு அது கொஞ்சம் இதமாக இருந்தது. மறுநாளும் அப்படியே செய்தாள், அதற்கு மறுநாளும். வேறு எந்த வேலையும் அவளை இவ்வளவு களைப்பாக்கியதில்லை. சேலை மடிப்பதில் கையாவது அசையும். இதில் கையை அசைக்காமல் இருப்பதே வேலையாக இருந்தது.

மூன்றாவது டப்பா பாதிக்கு மேல் கருகிய வாரத்தில், ஒரு காலையில் ராம்கி வந்து சேர்ந்தான். கண் சிவந்து, தாடி வளர்ந்து, முழுசாக. முனீஸ்வரி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் காபி போட்டாள். குளித்துவிட்டு லுங்கியைக் காயப்போட மாடிக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். அவளும் பின்னாலேயே போனாள். அவனும் செல்லம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரன்தான். சாகக் கிடக்கிற முளையைப் பார்த்து அவன் முகம் மாறியது.

“என்னடி இது, வீட்டுல மொளய இப்படியா கருக விடுவ?” என்று கேட்டுக்கொண்டே படியில் தண்ணீரோடு இருந்த செம்பை எடுத்துக் குனிந்தான்.

முனீஸ்வரி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊத்தாதீங்க.”

“செத்துரும்டி.”

“சாகட்டும். அது மீனாவோடது.”

அவன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான். மீனா இருமல் மருந்து மூடியோடு படியேறி வந்தாள். அப்பாவின் கையையும், அதைப் பிடித்திருந்த அம்மாவின் கையையும் பார்த்தாள். பிறகு அவர்கள் இருவருக்கும் நடுவில் குனிந்து, மூன்றாவது டப்பாவுக்கு உரிய கழிவுத் தண்ணீரை அளந்து ஊற்றினாள். அவள் ஊற்றி முடிக்கிறவரை முனீஸ்வரி புருஷன் கையை விடவில்லை.